பட்டினி பாட்டெழுதுவதில்லை

அமெரிக்கத் தென்மாநிலங்களின் மலைக்கிராமங்களிலும் பஞ்சாலை ஊர்களிலும் வேர்விட்டு, கிட்டாரையும் பிடிலையும் துணையாகக் கொண்டு, உழைக்கும் மக்களின் காதலையும் குடியையும் கடனையும் கடவுளையும் பாடிவரும் கன்ட்ரி இசையைப் பற்றிய நூல்களிலும் ஆவணப்படங்களிலும் ஒரு கருத்து ஏறக்குறைய மறுப்பே இல்லாமல் நிலைபெற்றிருக்கிறது. உண்மையான கன்ட்ரி பாடலாசிரியர் சந்தையை மதியாதவர், கையில் காசில்லாமல் ஊர் ஊராக அலைபவர், குடியாலோ காதல் முறிவாலோ நொந்தவர், அந்த நோவே அவருடைய பாட்டின் ஊற்று என்பதே அக்கருத்து. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் அலுவலக அறைகளில் உட்கார்ந்து ஒப்பந்தப்படி எழுதுபவர்கள் வெறும் கூலிக்கு மாரடிப்பவர்கள் என்பது அதன் மறுபக்கம். பட்டினி கிடந்தவன் பாட்டில்தான் உண்மை இருக்கும் என்ற இந்த நம்பிக்கைக்கு அண்மைக் காலத்தில் ஒரு கிளையும் முளைத்திருக்கிறது: இடைத்தரகர்களை இணையம் ஒழித்துவிட்டதால், திறமையுள்ள எவரும் ஒரு கிட்டாரும் கைபேசியும் இருந்தால் தனித்து நின்று பிழைத்துக்கொள்ளலாம் என்பது அந்தக் கிளையின் வாதம். முன்னது ஏழ்மையைப் புனிதமாக்குகிறது. பின்னது அதே ஏழ்மையைத் தனிமனிதரின் திறமைக் குறைவாகக் காட்டுகிறது. இரண்டும் தவறு என்பதோடு, பாட்டைப் பயன்படுத்திக்கொண்டு காசு கொடுக்க மனமில்லாதவருக்கே இரண்டும் உதவுகின்றன.

இங்கே பாடலாசிரியர் எனப்படுபவர் சொல்லையும் மெட்டையும் சேர்த்தே கட்டுபவர். பெரும்பாலும் தாமே பாடவும் செய்பவர். சோனி, யுனிவர்சல், வார்னர் என்ற மூன்று பெரிய இசை நிறுவனங்களின் ஒப்பந்தத்துக்குள் வராமல், தம் ஒலிப்பதிவையும் பயணத்தையும் விற்பனையையும் தாமே ஏற்பாடு செய்துகொள்பவரைச் சுயாதீனப் பாடலாசிரியர் என்பது இன்றைய வழக்கு. இப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை மூன்று: எழுதுவதற்கான நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள், எழுதிய பாட்டின் உரிமை யார் கையில் இருக்கிறது, அந்த உரிமைக்குச் சட்டம் என்ன விலை வைத்திருக்கிறது. சோகத்துக்கும் சுதந்திரத்துக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டுதான், ஆனால் அவை இந்த மூன்றுக்கும் பின்னால் வருபவை.

கன்ட்ரி இசை வணிகத்துக்கு வெளியே தூய்மையாகப் பிறந்து பிற்பாடு வணிகத்தால் கெட்டது என்ற எண்ணத்துக்கு அதன் பிறப்பு வரலாறே இடம் கொடுக்கவில்லை. 1927ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலும், டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவே எல்லைக்கோடு ஓடும் பிரிஸ்டல் நகரில், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் நடத்திய ஒலிப்பதிவில்தான் கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரோஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானார்கள். இந்த இசையின் தொடக்கப் புள்ளியாக வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி சுட்டுவது அந்த நாட்களைத்தான். பியர் விக்டரிடம் சம்பளம் கேட்கவில்லை. பதிவாகும் பாடல்களின் பதிப்புரிமையைத் தம் கையில் விட்டால் போதும் என்றார். ஒரு பாட்டுக்கு 50 டாலர் ரொக்கமும் சிறு ராயல்டியும் பாடகருக்கு, உரிமை பியருக்கு. வேறொருவர் பெயரில் ஏற்கெனவே பதிவான பாட்டால் அவருக்கு வருமானமில்லை என்பதால், புதிதாக எழுதிய பாட்டையோ, யாருடைய பெயரிலும் பதியப்படாத பழைய பாட்டையோ கொண்டுவருமாறு அவர் பாடகர்களை நெருக்கினார். அந்த நெருக்குதலால்தான் ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் வீடு வீடாக ஏறிப் பாட்டுச் சேகரிக்கப் புறப்பட்டார். லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர் அவருடன் சென்று, கார்ட்டர் சொற்களைக் குறித்துக்கொள்ளும்போது மெட்டை மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார். பதிப்புரிமைப் பதிவேட்டில் ஏறியதோ கார்ட்டரின் பெயர் மட்டுமே. தனியொருவரின் நெஞ்சிலிருந்து கசிந்ததாகப் போற்றப்படும் இந்தப் பாடல் மரபின் தொடக்கத்தில் ஒரு வணிகரின் கணக்கும், பலருடைய பொதுச்சொத்தும், பெயர் விடுபட்டுப்போன ஒரு தோழரின் நினைவாற்றலும் இருந்தன என்பதைத் தனிமைப் புராணம் பாடுவோர் சொல்வதில்லை.

அடுத்த திருப்பமும் ஏதோ ஒரு மேதையால் வந்ததன்று. வானொலியிலும் அரங்குகளிலும் பாட்டு ஒலிக்கும் ஒவ்வொரு முறைக்கும் அதை எழுதியவருக்குக் கிடைக்கவேண்டிய தொகையை நிகழ்த்துரிமைத் தொகை என்பர். அதைத் திரட்டித் தர 1914இல் அமைந்த ஆஸ்கேப் என்ற சங்கம், நியூயார்க் நாடக மேடைப் பாடலாசிரியர்களைத் தாங்கிய அளவுக்குத் தெற்கத்திக் கிராமப் பாட்டுக்காரர்களையும் கறுப்பின ப்ளூஸ் பாடலாசிரியர்களையும் பொருட்படுத்தவில்லை. ஆஸ்கேப் கட்டணத்தை உயர்த்தியதும் வானொலி நிலையத்தார் 1939இல் தமக்கென்று பிஎம்ஐ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கினார்கள்; 1941 ஜனவரி முதல் ஏறத்தாழ பத்து மாதம் பெரிய வானொலி வலைப்பின்னல்கள் ஆஸ்கேப் பாடல்களை ஒலிபரப்பவே இல்லை. உரிமைக் காலம் முடிந்துபோன 19ஆம் நூற்றாண்டுப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சலித்த நிலையங்களுக்குப் புதுப் பாட்டு வேண்டியிருந்தது. அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்களை பிஎம்ஐ உள்ளே அழைத்தது. 1942இல் பாடகர் ராய் ஏகஃப்பும் பாடலாசிரியர் ஃப்ரெட் ரோஸும் சேர்ந்து நாஷ்வில்லில் ஏகஃப்-ரோஸ் என்ற பாடல் பதிப்பகத்தைத் தொடங்க முடிந்ததற்கு இந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம். பாடல் பதிப்பகம் நூல் பதிப்பகத்தைப் போன்றதன்று. பாட்டின் உரிமையை நிர்வகித்து, பாடகர்களிடம் கொண்டுசேர்த்து, வரும் ராயல்டியை எழுதியவரோடு வழக்கமாகச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும் நிறுவனம் அது. 1946இல் அந்தப் பதிப்பகத்தின் படியேறிய ஹாங்க் வில்லியம்ஸ் 29 வயதில் காரின் பின்னிருக்கையில் இறந்த கதையை அறிந்தவர்களில், அவருடைய பாடல்களைப் பக்கத்தில் உட்கார்ந்து செதுக்கிக் கொடுத்தவர் ஃப்ரெட் ரோஸ் என்பதை அறிந்தவர்கள் சொற்பம்.

நேரத்துக்குக் காசு கொடுப்பது யார் என்ற கேள்வியில்தான் வறுமைக் கோட்பாடு முற்றிலுமாகச் சரிகிறது. வில்லி நெல்சனின் இளமைக்காலத்தையே சான்றாகக் கொள்ளலாம், ஏனெனில் எதிர்த்தரப்பாரும் அதையே தம் சான்றாகக் காட்டுகிறார்கள். டெக்சஸில் வயிற்றுப்பாட்டுக்கே திண்டாடிய நாட்களில் அவர் தம் பாட்டு ஒன்றை 50 டாலருக்கு முழு உரிமையோடு விற்றார். 1960இல் கிளாட் கிரே பாடி அது வெற்றி பெற்றபோது எழுதியவர் பெயராக நெல்சனின் பெயர் அச்சாகவில்லை. அதே ஆண்டு நாஷ்வில்லுக்கு வந்தவருக்கு, பாம்பர் மியூசிக் என்ற பதிப்பகத்தில் வேலை பார்த்த ஹாங்க் காக்ரன் என்ற சக பாடலாசிரியர், தமக்குக் கிடைக்கவிருந்த சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, வாரம் 50 டாலருக்கு இடம் வாங்கித் தந்தார். பதிப்பகங்கள் தரும் இத்தகைய வாரத்தொகை உண்மையில் முன்பணம்: பாட்டு விற்றால் ராயல்டியில் கழித்துக்கொள்ளப்படும், விற்காவிட்டால் பொதுவாகத் திருப்பிக் கேட்கப்படாது. அதன்பின்னும் நெல்சன் ஒரு பாட்டை ஃபேரன் யங் என்ற பாடகரிடம் 500 டாலருக்கு விற்றுவிடப் பார்த்தார். யங் வாங்க மறுத்து, அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்து, பாட்டை நெல்சனின் பெயரிலேயே விட்டுவைத்தார். 1961இல் அந்தப் பாட்டு கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. பேட்சி கிளைனின் குரலில் உலகப் புகழ் பெற்ற நெல்சன் பாடலும் அதே ஆண்டில்தான் வந்தது. பட்டினி அவரைப் பாட்டை விற்கவைத்தது. வாரத்தொகையும் ஒரு நண்பரின் கடனும் அவரைப் பாட்டை வைத்துக்கொள்ளவிட்டன.

இது ஒருவருக்கு மட்டும் வாய்த்த யோகமன்று. மர ஆலையில் விரல்களை இழந்த பில்லி ஜோ ஷேவர், வேலியை உடைத்த கன்ட்ரி கிளர்ச்சியின் தலைமகனாகக் கொண்டாடப்படுகிறார். 1973இல் வேலன் ஜென்னிங்ஸ் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுப்பில் ஒன்றைத் தவிர மற்ற பாடல்கள் எல்லாம் ஷேவர் எழுதியவை. அவரும் அதற்கு முன் பாபி பேர் என்ற பாடகரின் பதிப்பகத்தில் வாரம் 50 டாலருக்கு எழுதியவர்தான். கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் தரை கூட்டியவராகவே நினைவுகூரப்படும் கிரிஸ் கிரிஸ்டாஃபர்சன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர். நாஷ்வில்லுக்கு வந்தவுடனேயே மேரிஜான் வில்கின் என்ற பெண்மணியின் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர். வருமானம் போதாதபோது மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டியவர். துடைப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவது கதைசொல்லிகளுக்கு வசதியாக இருக்கிறது.

வறுமைக் கோட்பாட்டின் மிகப் பெரிய சாட்சி டெக்சஸ் பாடலாசிரியர் டவுன்ஸ் வான் ஸாண்ட். நாஷ்வில்லுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் வசதிகூட இல்லாத தகரக்கூரைக் குடிசையில் வசித்ததும், குடியால் சீரழிந்து 1997 புத்தாண்டு நாளில் 52 வயதில் இறந்ததும் அவருடைய பாட்டின் மேன்மைக்கு விலையாகச் சொல்லப்படுகின்றன. அவருடைய பாட்டின் மேன்மையில் ஐயமில்லை. விலை பற்றிய கணக்கில்தான் தவறு. செல்வாக்கான எண்ணெய்த்தொழில் குடும்பத்தில் பிறந்த அவர், 1968 முதல் 1972 வரையிலான ஐந்தாண்டுகளில் ஆறு தொகுப்புகள் வெளியிட்டார். அவர் பெயர் நிலைத்திருப்பதற்குக் காரணமான பாடல்களில் பெரும்பாலானவை அவற்றிலேயே உள்ளன. நோயும் குடியும் முற்றிய பிற்பட்ட கால் நூற்றாண்டிலோ 1978, 1987, 1994 ஆகிய ஆண்டுகளில் மூன்று புதிய ஸ்டுடியோ தொகுப்புகள். 1970களின் நடுவில் பதிவாகி 1993 வரை முடங்கிக் கிடந்த ஒன்றைச் சேர்த்தாலும் நான்கே. துன்பம்தான் ஊற்று என்றால் துன்பம் கூடக்கூடப் பாட்டும் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை, வற்றியது. அவருடைய பாட்டு ஒன்று 1983இல் நெல்சன், மெர்ல் ஹேகர்ட் குரல்களில் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்று வருமானம் தந்ததென்றால், அதுவும் குடிசையால் வந்ததன்று, பதிப்புரிமையால் வந்தது.

அவருடைய நெருங்கிய நண்பர் கை கிளார்க்கின் வாழ்க்கையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தகும். லாஸ் ஏஞ்சலஸில் கிட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு பதிப்பகத்தின் ஒப்பந்தம் கிடைத்து, 1971இல் நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்த அவர், 2016இல் இறக்கும்வரை வீட்டின் நிலவறைப் பட்டறையில் ஒரு பக்கம் கிட்டார் இழைத்துக்கொண்டு, இன்னொரு பக்கம் கட்டம்போட்ட தாளில் பென்சிலால் பாட்டு எழுதினார். அழிப்பதற்கும் திருத்துவதற்கும் பென்சில்தான் வசதி. ஒரு வரி சரியாக அமைய மாதக்கணக்கில் பொறுத்திருப்பதற்கு மேசையும் நிலையான வரும்படியும் வசதி. இளைய தலைமுறையில், அலபாமாவைச் சேர்ந்த ஜேசன் இஸ்பெல் 2012இல் சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார். அவருடைய ஆகச் சிறந்ததென விமர்சகர்கள் பலர் கருதும் தொகுப்பு 2013இல், அதாவது குடியை விட்ட பிறகு வந்தது. குடிதான் எழுதவைத்தது என்பவர்கள் இந்தத் தேதிகளுக்கு விடை சொல்லட்டும்.

அலைச்சல் புராணத்தில் இன்னொரு குறையும் உண்டு: அது ஆண்களுக்காக ஆண்கள் கட்டியது. வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு நெடுஞ்சாலையில் இறங்கும் ஆணைக் கலைஞன் என்பவர்கள், அதையே செய்யும் பெண்ணை அப்படிச் சொன்னதில்லை. மாசசூசெட்ஸின் ஸ்டோட்டன் ஊரில் ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதும் லோரி மெக்கென்னா, நாஷ்வில்லுக்கு விமானத்தில் போய்வருகிறாரே தவிரக் குடிபெயரவில்லை. ஆயினும் 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துக் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டுச் சிறந்த பாடல் விருது அவர் தனித்தும் இணைந்தும் எழுதிய பாடல்களுக்கே கிடைத்தது. 1994இல் திரிஷா யர்வுட் பாடி முதலிடம் பெற்ற பாட்டை இணைந்து எழுதியதன்மூலம், கன்ட்ரி முதலிடப் பாட்டில் பெயர் பதித்த கறுப்பினப் பெண்களில் ஒருவர் ஆனவர் ஆலிஸ் ராண்டல். அவர் ஹார்வர்டில் படித்தவர், நாவலாசிரியர். நொந்த நாடோடி என்ற அச்சில் இவர்களில் எவரும் அடங்கமாட்டார்கள். அடங்காததால்தான் மரபு பற்றிய நூல்கள் இவர்களை ஓரப் பத்தியில் நிறுத்துகின்றன.

எதிர்த்தரப்பின் வாதத்தில் ஒரு பகுதியை ஏற்றே ஆகவேண்டும். நாஷ்வில்லின் மியூசிக் ரோ எனப்படும் பதிப்பகத் தெருக்களில் காலை பத்தரை மணிக்கு முன்பின் அறியாத இருவரோ மூவரோ ஓர் அறையில் கூடி, கைபேசியில் குறித்துவைத்திருக்கும் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்த்து, ஒன்றைப் பிடித்து, மதியத்துக்குள் பாட்டை முடித்து, அதே கைபேசியில் பதிந்துகொண்டு கலையும் முறை, கடந்த சில பத்தாண்டுகளில் ஒரே வார்ப்பில் எண்ணற்ற பாடல்களைத் தள்ளியிருக்கிறது; லாரியும் பீரும் இறுகிய ஜீன்ஸ் அணிந்த பெண்ணும் இல்லாத பாட்டு வானொலியில் ஏறாது என்று சொல்லும்படியான காலமும் 2010களில் இருந்தது. ஆனால் நோய்க்குக் காரணம் அலுவலக அறை என்பது தவறான கணிப்பு. ஹார்லன் ஹோவர்ட் என்ற பாடலாசிரியரும் காக்ரனும் நெல்சனும் எழுதியதும் அலுவலகத்தில்தான். மாறியது அறை அன்று, அறைக்கு வெளியே இருந்த கணக்கு.

அந்தக் கணக்கைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஒரு பாட்டு ஒருமுறை வெளியாகிவிட்டால், சட்டம் நிர்ணயித்த தொகையைக் கொடுத்து அமெரிக்காவில் எவரும் அதைப் பதிந்து விற்கலாம். பிரதி ஒன்றுக்கு எழுதியவருக்குச் சேரும் அந்தத் தொகையே பிரதி ராயல்டி. குறுவட்டு விற்ற காலத்தில் ஒரு தொகுப்பில் பத்துப் பாட்டு இருக்கும். வானொலியில் ஓடுவது இரண்டோ மூன்றோதான், ஆனால் பத்துக்கும் சட்டப்படி ஒரே விகிதம். 9.1 சென்ட் என்ற விகிதத்தில் பத்து லட்சம் பிரதி விற்ற தொகுப்பின் ஒன்பதாவது பாட்டும், யாரும் வானொலியில் கேட்டிராத போதிலும், 91,000 டாலர் ஈட்டும். இருவர் எழுதி, ஒவ்வொருவரும் பதிப்பகத்தோடு பாதி பிரித்துக்கொண்டாலும் தலைக்கு 22,750 டாலர். முதலிடத்தை எட்டாத, விசித்திரமான, மெதுவான, ஒரு கிழவரின் மறதியைப் பற்றியோ மூடப்பட்ட சுரங்கத்தைப் பற்றியோ எழுதிய பாட்டுக்குச் சோறு போட்டது இந்த ஏற்பாடுதான். பாட்டுகளைத் தனித்தனியாக இறக்கிக்கொள்ளும் வழி வந்து, பிறகு வாங்காமலேயே இணையத்தில் ஓடவிட்டுக் கேட்கும் ஸ்ட்ரீமிங் வந்ததும், கேட்கப்பட்ட பாட்டுக்கு மட்டுமே காசு என்றாகி ஒன்பதாவது பாட்டு செத்தது. இதற்கு முன்பே 1996இன் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே முதலாளி வைத்துக்கொள்ளக்கூடிய வானொலி நிலையங்களுக்கு இருந்த நாடளாவிய உச்சவரம்பை நீக்க, ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கி, ஒலிக்கவேண்டிய பாட்டுகளின் பட்டியல் தலைமையகத்திலிருந்து வரத் தொடங்கியிருந்தது. வானொலியில் ஏறும் பாட்டுக்கு மட்டுமே பிழைப்பு என்ற நிலையில் பதிப்பகங்கள் ஆட்களைக் குறைத்தன. எஞ்சியோர் வானொலிக்கே எழுதினார்கள். பாட்டு தேய்ந்தது எழுதுபவருக்குச் சம்பளம் கிடைத்ததால் அன்று, கிடைக்காமற்போனதால்.

உரிமை யார் கையில் என்ற இரண்டாவது கேள்விக்கு டாலி பார்ட்டனின் விடை எல்லாரும் அறிந்தது: 1974இல் வெளியான தம் பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்று பிரெஸ்லியின் மேலாளர் நின்றார், பார்ட்டன் மறுத்தார், 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடியபோது வந்த பதிப்புரிமை வருமானம் அவருக்கே சேர்ந்தது. பெரிய பாடகர்கள் எழுதாத பாட்டில் பங்கு கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: அமெரிக்காவின் வழக்கமான வானொலி நிலையங்கள் எழுதியவருக்குத்தான் பணம் தருகின்றன, பாடியவருக்குத் தருவதில்லை. சுயாதீன வாழ்வுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று ஜான் பிரைன். சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் தபால்காரராகக் கடிதம் கொடுக்கும் நடையிலேயே பாட்டை மனத்தில் கட்டியவர். நாடோடி அல்லர், மாதச் சம்பளமுள்ள அரசு ஊழியர். 1971 முதல் பெரிய நிறுவனங்களில் பத்தாண்டு கழித்துவிட்டு, 1981இல் தம் மேலாளர் அல் புனெட்டாவோடு ஓ பாய் ரெக்கார்ட்ஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்; ரசிகர்கள் அடுத்த தொகுப்புக்காக முன்கூட்டியே தபாலில் காசோலை அனுப்பினார்கள். 2018இல் அவருடைய கடைசித் தொகுப்பு பில்போர்டு இதழின் முதன்மைத் தொகுப்பு வரிசையில் ஐந்தாம் இடத்தில் நுழைந்தது. பெரிய நிறுவனங்களில் இருந்த காலத்தில் அவர் அத்தனை உயரம் தொட்டதில்லை. பாட்டும் ஒலிப்பதிவும் தம் கையிலேயே இருந்ததால் இரண்டின் வருமானமும் அவருக்கே. ஆனாலும் முன்பணம் அனுப்பிய அந்த ரசிகர்களைச் சேர்த்துத் தந்ததில், முதல் பத்தாண்டில் பெரிய நிறுவனங்கள் செய்த செலவுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இஸ்பெல், ஸ்டர்ஜில் சிம்ப்சன், டைலர் சில்டர்ஸ் என்று இந்த நூற்றாண்டின் சுயாதீனர்களாகப் பேசப்படுவோரின் முக்கியத் தொகுப்புகள் சிலவும், உரிமையைக் கலைஞரிடமே விட்டுவிட்டு விநியோகத்தையும் விளம்பரத்தையும் மட்டும் கவனித்துக்கொடுக்கும் தர்ட்டி டைகர்ஸ் என்ற நாஷ்வில் நிறுவனத்தின் வழியாக வந்தவைதாம். தனித்து நின்றவர் எவருமில்லை. நல்ல ஒப்பந்தத்தில் நின்றவர்கள் உண்டு.

இணையம் எல்லாரையும் விடுவித்தது என்போர் ஆலிவர் அந்தனியைக் காட்டுவார்கள். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில்லில் வசித்த அவர், வெட்டவெளியில் ஒரே கிட்டாரோடு பாடிய பாட்டு 2023 ஆகஸ்டில் வெளியாகி, பில்போர்டின் நூறு பாடல் வரிசையில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. அதற்குமுன் எந்த வரிசையிலும் இடம்பெறாத ஒருவருக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல்முறை. முதல்முறை என்பதாலேயே அதை வழியாகக் காட்டக்கூடாது. வழியாக இருப்பது வேறு: 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் ஆயிரம் முறை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்குப் பங்கே கிடையாது. ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒலிப்பதிவின் உரிமையாளருக்குப் போக, பாட்டை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் சேர்த்து ஒதுங்குவது ஏறத்தாழ 15 சதவீதம். 2021இல், யார் எழுதியது என்று அடையாளம் காணப்படாமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் தேங்கிக் கிடந்த ராயல்டி என்று புதிதாக அமைந்த வசூல் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்ட தொகை 42 கோடி டாலருக்கும் மேல். வாயிற்காவலர் ஒழியவில்லை, சீருடை மாற்றிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் புராணங்கள் வெறும் தவறான வரலாறாக நின்றிருந்தால் மறுக்கவேண்டிய அவசரம் இல்லை. பாட்டுக்காரர் காசுக்குப் பாடுவதில்லை என்று நம்பும் மதுக்கூட முதலாளி உண்டியலை மேடைமுன் வைத்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்கிறார். மேசைபோட்டு விற்கும் சட்டையிலும் இசைத்தட்டிலும் பங்கு கேட்கும் அரங்குகளும் உண்டு. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்தே வரும் ஒரு நாட்டில், முதலாளி என்று ஒருவர் இல்லாத பாடலாசிரியர் பல்வலிக்கும் அஞ்சவேண்டியிருக்கிறது. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் இசைக்கலைஞர்களுக்கு மருத்துவ வசதி செய்துதர 2005இல் ஹாம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது அதனால்தான். அந்த ஊரில்தான் 1989இல் பிளேஸ் ஃபோலி என்ற பாடலாசிரியர், நண்பர்களின் வீட்டுச் சோபாக்களில் உறங்கியவர், சுடப்பட்டு இறந்தார். 2000ஆம் ஆண்டு மெர்ல் ஹேகர்ட் தம் தொகுப்புக்கே ஃபோலியின் பாட்டொன்றின் பெயரை வைத்தார். உயிரோடு இருந்தபோது கிடைக்காத வாடகைப் பணத்துக்கு இறந்தபின் கிடைக்கும் புகழ் ஈடாகும் என்பவர்கள், அந்த ஏற்பாட்டைத் தமக்கும் விரும்புவார்களா என்று கேட்பது தவறாகாது.

மூன்றாவது கேள்வியான சட்டத்தின் விலைதான் எல்லாவற்றிலும் குறைவாகப் பேசப்படுவது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் பிரதி ராயல்டியை 2 சென்ட் என்று வைத்தது. ரொட்டி விலையும் வாடகையும் எங்கோ போய்விட்ட பின்னும், 1978 வரை அது அப்படியே கிடந்தது. ஹாங்க் வில்லியம்ஸின் வாழ்நாள் முழுவதும் அந்த 2 சென்ட்தான். 2006இல் 9.1 சென்ட் ஆனது மறுபடியும் 2022 வரை நகரவில்லை. அதை இன்னும் ஐந்தாண்டு அங்கேயே நிறுத்திவைக்கப் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் பதிப்பாளர் சங்கமும் உடன்பட்டன. 1967 முதல் பாடலாசிரியர்களின் குரலாக இயங்கும் நாஷ்வில் பாடலாசிரியர் சங்கமும் அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது. சங்கங்களும் சறுக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதற்கு மருந்து சங்கத்தைத் துறந்து காட்டுக்குப் போவதன்று. ஜார்ஜ் ஜான்சன் என்ற நாஷ்வில் பாடலாசிரியர், வழக்கறிஞர் வைக்காமல் தாமே மனு எழுதி, ராயல்டி விகிதத்தை முடிவுசெய்யும் மூன்று நீதிபதிகள் கொண்ட வாரியத்தின் முன் அந்த உடன்பாட்டை எதிர்த்தார். வேறு பல பாடலாசிரியர்களும் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2022 மார்ச்சில் வாரியம் உடன்பாட்டை நிராகரித்தது. 2023 ஜனவரி முதல் விகிதம் 12 சென்ட் ஆகி, நுகர்வோர் விலைக் குறியீட்டோடு ஆண்டுதோறும் உயரும்படி இணைக்கப்பட்டது; 2025இல் அது 12.7 சென்ட்.